மூலத்தால் யாரும் சாவதில்லையாம், அக்கா

என் தங்கமே, தனம் அக்கா,

பிரஷர் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். உட்கார்ந்திருப்பது புதுச்சேரி ஆஸ்பத்திரி வராண்டா. போன வருஷம் உன்னை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினோமே, அதே வராண்டா. நம் தம்பி ஏழுமலை உள்ளே இருக்கிறான். பின்வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கிறார்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நர்ஸ் சொன்னாள். முக்கால் மணி ஆகிவிட்டது, கதவு திறக்கவில்லை. சும்மா இருந்தால் போய்க் கதவை இடித்துவிடுவேன் போலிருக்கிறது. அதனால் உன்னிடம் பேசுகிறேன்.

நீ போன அன்று டாக்டர் எங்களைக் கூப்பிட்டு இரண்டு சீட்டு எழுதிக் கொடுத்தார். ஒன்றில் ஏழுமலை பெயர், ஒன்றில் என் பெயர். "கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரும் கட்டாயம் குடலைப் பாத்துக்கணும். ஒண்ணும் இல்லன்னாலும் பாக்கணும். தள்ளிப் போடாதீங்க" என்றார். நாங்கள் தலையை ஆட்டினோம். உன் வருஷ திதியும் வந்து போய்விட்டது. அவன் சீட்டு இன்றைக்குத்தான் உருப்படியாக உள்ளே போயிருக்கிறது. என் சீட்டு எங்கே இருக்கிறது என்று கேட்காதே. கடைசியில் சொல்கிறேன், தைரியம் இருந்தால்.

முதலில் என் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். என் வேலை என்ன? வீடு வீடாகப் போய் பிரஷர் பார்க்கிறது, விரலில் குத்தி சுகர் பார்க்கிறது, மாத்திரை கொடுக்கிறது. உன் வீட்டுக்கும் மாதா மாதம் வந்தேன். கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே, "வேற ஏதாவது தொந்தரவு இருக்குதா?" என்று கேட்பேன். நீ ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான் சொன்னாய். "ஒண்ணுமில்லடி, எழுதிக்கோ." நானும் எழுதிக்கொண்டேன். தனலட்சுமி, நாற்பத்தெட்டு, பிரஷர் நார்மல், சுகர் நார்மல். அந்த நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரவில்லை.

ஒரே ஒரு நாள், மோர் கொடுத்துவிட்டு நீயாகச் சொன்னாய். "கொஞ்சம் ரத்தம் போவுதுடி. மூலம்தான். உப்பளத்துல யாருக்கு இல்ல?" நானும் அதையேதான் நினைத்தேன் அக்கா! காலையில் ஐந்து மணிக்குப் பாத்தியில் இறங்கினால் மத்தியானம் வரைக்கும் நீங்கள் யாரும் வாய் நனைப்பதில்லை. குடித்தால் ஒதுங்க வேண்டும். கண்ணுக்கெட்டிய வரை வெட்டவெளி, பொம்பளை எங்கே ஒதுங்குவாள்? அதனால் தண்ணீரையே குறைத்துக்கொண்டீர்கள். மேலே வெயில், காலில் கரிப்பு, தலையில் உப்புக் கூடை. எல்லாருக்கும் மலம் இறுகும், எல்லாருக்கும் எப்போதாவது ரத்தம் போகும். சூடு என்று சொல்லிவிட்டு வெந்தயத்தை ஊற வைத்துக் குடித்துவிட்டு மறுநாள் கூடையைத் தூக்குவீர்கள். ரத்தத்தைப் பார்த்துப் பயப்படுகிற பழக்கமே நம் தெருவில் இல்லாமல் போனது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வேலிப் பக்கம் போய் மூலத்துக்கு நல்லதென்று துத்தி இலை பறித்து வந்து, வெங்காயம் போட்டு வதக்கி, என் கையாலேயே உனக்குக் கொடுத்தேன். பிரஷர் மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிற நான்! நீ அதை ருசித்துச் சாப்பிட்டாய். மழைக்காலத்தில் உப்பளம் மூழ்கி வேலை இல்லாமல் கிடந்தபோது, "ரெஸ்ட் எடுத்தா சரியாப் போயிடும்" என்று இரண்டு பேரும் நம்பினோம். தை பிறந்து நீ கூடையைத் தூக்கப் போனாய், தூக்க முடியவில்லை. ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது. அப்போதும் வெயிலைத்தான் திட்டினோம். வயிறு ஊதி, வாந்தி நிற்காமல் போன பிறகுதான் இங்கே கொண்டுவந்தோம். குடலில் புற்று, முற்றிவிட்டது என்றார்கள். மரக்காணத்தில் ஏறினால் ஒரே பஸ், அக்கா. அந்த ஒரு பஸ்ஸைப் பிடிக்க நமக்கு ஒன்றரை வருஷம் ஆனது.

சரி, ஏழுமலை கதைக்கு வருகிறேன். அவனுக்கும் ரத்தம் போகிறது என்று அவன் பெண்டாட்டி என்னிடம் வந்து அழுதாள். நான் போய்க் கேட்டால், "மூலம்தான்க்கா, நீ ஏன் ஊரைக் கூட்டற?" என்கிறான். உன் வார்த்தை, உன் குரல்! "டேய், பெரியக்காவும் இதையேதான்டா சொல்லிட்டுப் போய்ச் சேந்தா" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆடி மாதத்தில் தேதி வாங்கினேன்.

அந்தத் தேதி எப்படிப் பாழானது என்று கேட்டால் நீ சிரிப்பாய். முதல் நாள் திட ஆகாரம் எதுவும் கூடாது, தண்ணீராகத்தான் குடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அன்றைக்குப் பார்த்து நம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். இவன் போய் ஒரு சொம்பு கூழ் குடித்துவிட்டு வந்திருக்கிறான், முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் தொட்டுக்கொண்டு! மறுநாள் உள்ளே கேமராவில் கேழ்வரகும் கீரையும்தான் தெரிந்ததாம். ஒன்றும் பார்க்க முடியவில்லை என்று பாதியிலேயே எடுத்துவிட்டார்கள். "கூழ் தண்ணிதானே சார்? அம்மன் கூழை எப்படி வேணாம்னு சொல்றது?" என்று குழாய் விட்ட சின்ன டாக்டரிடமே கேட்டான். எனக்கு அவனை அறையலாம் போல இருந்தது. மறு தேதிக்கு ஒன்றரை மாதம் காத்திருக்கச் சொன்னார்கள்.

அந்த டாக்டர் திட்டவில்லை. உட்கார வைத்துப் பேசினார். நான் கேட்டேன், "எங்க ஊர்ப்பக்கம் இந்த நோவு ஜாஸ்திங்களா சார்?" அவர் இல்லை என்றார். "பெரிய பட்டணங்கள்லதான் அதிகமா வருது, வெளிநாடுகள்ல இன்னும் அதிகம். ஆனா அங்க வந்தவங்கள்ல நிறைய பேர் பொழைச்சுக்கறாங்கம்மா. உங்க பக்கத்துலேர்ந்து வர்றவங்க கொஞ்சம். அதுல பொழைக்கறவங்க ரொம்பக் கொஞ்சம்."

"ஏன் சார், எங்க உடம்பு மட்டும் வேறயா?"

"உடம்பு ஒண்ணுதான். நீங்க வர்ற நேரம்தான் வேற. எல்லாரும் மூலம்னு நினைச்சுக்கிட்டு இருந்துடறீங்க. மூலத்தால யாரும் சாகறதில்லம்மா."

அக்கா, நம் தெருவில் மூலம் முத்திச் செத்தவர்கள் எத்தனை பேர்! கோடி வீட்டுப் பச்சையம்மா பெரியம்மா. உன்னோடு சேர்ந்து உப்பு வாரின காசி மாமா. அவர் சாவுக்கு நீதான் முன்னால் நின்று மாரடித்தாய். "பாழாப்போன மூலம் கொண்டுபோயிடுச்சே" என்று ஒப்பாரியில் வைத்து அழுதாய். மூலத்தால் யாரும் சாவதில்லை என்றால் அவர்கள் எதனால் போனார்கள்? யார் போய்க் கேட்கிறது? எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

இன்றைக்கும் அவன் சும்மா வரவில்லை. மழைக்கு முன்னால் உப்புக் குவியலை ஓலை போட்டு மூட வேண்டும், முதலாளி திட்டுவார் என்று இழுத்தான். "நீ போய்ச் சேந்தா குவியலை யாரு மூடுவா, உன் முதலாளியா?" என்று கேட்டேன். பேதி மருந்து குடிக்க வேண்டுமென்றால் கக்கூஸ் வேண்டுமே! கவர்மெண்ட் கட்டிக் கொடுத்த கக்கூஸில் அவன் தார்ப்பாயும் சாக்கும் உப்பு வாரும் பலகையும் அடைத்து வைத்திருந்தான். நேற்று நானும் அவன் பெண்டாட்டியும் எல்லாவற்றையும் வெளியே இழுத்துப் போட்டுக் கழுவினோம். மருந்தை வாயில் வைத்ததும், "இன்னாக்கா இது, பாத்தித் தண்ணி மாதிரியே கரிக்குது" என்றான். "அப்படின்னா உனக்குப் பழக்கம்தானே, குடி" என்றேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கூழ் பக்கம் தலை வைத்துப் படுக்க விடவில்லை.

காலையில் பஸ்ஸில் வரும்போது கூனிமேட்டில் அவனுக்குத் தாங்கவில்லை. பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் குதித்து ஓடிவிட்டான். நான் பையோடு பின்னால் இறங்கினேன், பஸ் போய்விட்டது. ஆளைக் காணோம். கால் மணி நேரம் ரோட்டில் நின்றேன் அக்கா. ஓடியே போய்விட்டான் என்று நினைத்தேன். எதிர்ப் பக்கம் மரக்காணம் பஸ் வேறு ஒன்று வந்து நின்று கிளம்பியது. அதில் ஏறிவிட்டானோ என்று ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தேன். அப்புறம் ஒரு மளிகைக் கடை பாயின் வீட்டுக்குள்ளிருந்து ஏழுமலை வேட்டியைக் கட்டிக்கொண்டே வந்தான். "தம்பிக்கு ஒண்ணுமில்லம்மா, நம்ம வீடுதான், பயப்படாதீங்க" என்று அந்தப் பாய் எனக்கும் தண்ணீர் கொடுத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இங்கே என் பக்கத்து நாற்காலியில் முத்தியால்பேட்டை அம்மா ஒருவர். உன் வயதுதான் இருக்கும். என்ன விஷயம் என்று கேட்டேன். அவருக்கும் உனக்கு வந்ததேதான், அக்கா, ஆறு வருஷத்துக்கு முன்னால். "பத்து நாள் ரத்தம் போச்சு. என் பொண்ணு விடல, இழுத்துட்டு வந்துட்டா. ஆபரேஷன் பண்ணாங்க. இப்ப சும்மா செக்கப்தான்" என்றார். பூ வைத்துக்கொண்டு, மடியில் வாரப் பத்திரிகை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனுஷி, பிஸ்கட் கூடக் கொடுத்தார். ஆனால் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பொறாமையாக இருக்கிறது. உன்னை நான் பத்தாம் நாள் இழுத்து வந்திருந்தால், நீயும் இப்படிப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாயா?

கதவு திறக்கிறது. ஏழுமலை பேரைக் கூப்பிடுகிறார்கள். இரு, வருகிறேன்.

வந்துவிட்டேன். எழுத்துக் கோணலாக வரும், பொறுத்துக்கொள்.

அவனுக்கு ரத்தம் வந்தது நிஜமாகவே மூலம்தானாம். அரை மயக்கத்தில் படுத்துக்கொண்டே, "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்று பல்லைக் காட்டினான். டாக்டர் சிரிக்கவில்லை. "மூலம் கீழதான் இருக்குது. ஆனா இன்னும் மேல போனப்போ ரெண்டு சின்ன கட்டி இருந்துச்சு. இன்னும் கெட்டதா மாறாத மாதிரிதான் தெரியுது. ரெண்டையும் எடுத்துட்டோம். டெஸ்டுக்கு அனுப்பியிருக்கோம், ஒரு வாரத்துல சொல்றோம். விட்டிருந்தா இன்னும் சில வருஷத்துல உங்க அக்காவுக்கு வந்தது இவருக்கும் வந்திருக்கலாம்" என்றார். ஏழுமலை வாயை மூடிக்கொண்டான். அப்புறம் சுவர் பக்கம் திரும்பி, "பெரியக்கா" என்று மட்டும் சொன்னான். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் கிளம்புகிற மாதிரி போய்விட்டுத் திரும்பினார். "ரெண்டு சீட்டு கொடுத்ததா ஃபைல்ல இருக்குதே. நீங்க எப்பம்மா பண்ணிக்கிட்டீங்க?"

நான் ஏழுமலையின் போர்வையை இழுத்துச் சரி செய்தேன்.

இப்போது சொல்கிறேன், அக்கா. என் சீட்டு பிரஷர் மிஷின் பையின் உள் அறையில், நான்காக மடித்து, போன வருஷத்திலிருந்து இருக்கிறது. வைகாசியிலிருந்து எனக்கும் ரத்தம் போகிறது. யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடம் கூட. ஏழுமலைக்கு முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பயம், அவ்வளவுதான். நீ வலியில் துடித்ததைக் கிட்டே இருந்து பார்த்தவள் நான். அந்தக் கதவுக்குப் பின்னால் எனக்கும் அதுவே இருந்தால்? ஊரே கேட்கக் கத்திய இந்த அஞ்சலை, ராத்திரி போய் வேலிப் பக்கம் துத்தி இலை பறித்தாள். நீ நம்புவாயா?

"உங்களுக்கு ஏதாவது தொந்தரவு இருக்குதாம்மா?" என்று டாக்டர் மறுபடியும் கேட்டார். நான் உன்னிடம் மாதா மாதம் கேட்டேனே, அதே கேள்வி. என் வாயில் உன் பதில் தயாராக இருந்தது. "ஒண்ணுமில்ல" என்று பாதி சொல்லியும் விட்டேன். ஏழுமலை கட்டிலில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருக்குது சார்" என்றேன். "நாலு மாசமா இருக்குது. எழுதிக்கோங்க."

ஏழுமலை எழுந்து உட்காரப் பார்த்தான், நர்ஸ் அமுக்கிப் படுக்க வைத்தாள். "அடிப்பாவி, என்னை அந்தப் பேச்சுப் பேசினியே!" என்றான். திட்டிக்கொண்டே அழுதான். அவசரம் என்று அடுத்த வியாழக்கிழமையே எனக்குத் தேதி போட்டிருக்கிறார்கள். கூட வருவது அவன்தானாம், பஸ் கூனிமேட்டில் நிற்கும்போது கையைப் பிடித்துக்கொள்வானாம்.

என்ன இருக்குமோ எனக்குத் தெரியாது. நல்லதே வரும் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் நாள் நான் அந்தக் கரிப்பு மருந்தை ஒரு சொட்டு விடாமல் குடிப்பேன், கூழைத் தொட மாட்டேன், வியாழக்கிழமை அந்தக் கதவுக்குள் என் காலால் நடந்து போவேன். உன்மேல் சத்தியம். திரும்பி வந்த பிறகு, நம் தெருவில் எந்த வீட்டில் பட்டையைச் சுற்றினாலும், ரத்தம் போகிறதா என்று வாய்விட்டுக் கேட்பேன். நோட்டில் அந்தக் கேள்விக்கு இடம் இல்லாவிட்டால் ஓரத்தில் எழுதுவேன். ஒண்ணுமில்லை என்று யாராவது சொன்னால், எழுதிக்கொண்டு எழுந்து போகமாட்டேன். அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

உன்னிடம் அப்படி உட்காராமல் எழுந்து போன
உன் தங்கச்சி,
அஞ்சலை