மெர்சிக்குப் பிறகு யார் பேசுவது

செவ்வாய்க்கிழமை. மழை விடவில்லை.

மெர்சி இன்று வானொலியை விட்டுப் போய்விட்டாள். இந்த இடுக்கித் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் தங்கள் வானொலியைத் தாங்களே நடத்தட்டும் என்றுதான் நான் மலேசியாவிலிருந்து தொண்டு செய்ய வந்தேன். நான் பழக்கிய ஆறேழு பேரில் தனியாக நிகழ்ச்சி நடத்தத் தேறியவள் அவள் ஒருத்திதான். காந்தலூர்ப் பூண்டு விலையைக்கூட அவள் சொன்னால் சனங்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

அவள் அம்மாவுக்கு இந்த மாதத்தோடு ஓய்வு. வீட்டில் ஒருவராவது தோட்ட வேலையில் இல்லாவிட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். அதனால் மெர்சி கொழுந்தெடுக்கப் பெயர் கொடுத்துவிட்டாள்.

மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். "இன்னும் கொஞ்ச நாள் பொறுக்க முடியாதாம்மா?" என்று கேட்டேன்.

அந்த அம்மா கோபப்படவில்லை. "பொறுக்கலாம் டீச்சர். அதுவரைக்கும் நாங்க எங்க போயி இருக்க?" என்றார்.

மலேசியாவில் அப்பா வேலை பார்த்த தோட்டத்தை முதலாளிகள் விற்று எங்களை வெளியேற்றியபோது அவரும் இதைத்தான் கேட்டார். அது தெரிந்தும் நான் ஏன் வாயைத் திறந்தேன்?

சாலை வரை மெர்சி குடை பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, கொழுந்தெடுக்கும்போது போன்ல ரேடியோ கேக்க விடுவாங்களா?"

"தெரியலையே மெர்சி."

"விடலன்னாலும் நீங்க நிறுத்திராதீங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். மற்ற பிள்ளைகளுக்கு மைக்கைக் கண்டாலே நடுக்கம். நாளைக் காலை நான்தான் பேச வேண்டும். நான் பேசினால் அது யாருடைய வானொலி?