மதகில் மலையேற்றம்

ஆவணி, ஞாயிறு இரவு.

மாமனார் நுவரெலியா மலையேற்றப் போட்டியில் ஓட்டிய மொறிஸ் மைனர் காரை வாங்கக் கொழும்பிலிருந்து ஒருவர் வந்தார். வரச் சொன்னது நான். விற்கக்கூடாது என்றது மனைவி.

கார் ஏற்றம் ஏறுமா என்று பார்க்க வேண்டுமாம். எங்கள் சின்னத் தீவில் மலை இல்லாததால் சுருவில் ஊர் மதகுக்கு, மேடாக வளைந்த அந்தச் சிறு பாலத்துக்கு, ஓட்டிப்போனேன். பாதியில் நின்றுவிட்டது. கூட வந்த மனைவி முகத்தில் அப்படியொரு நிம்மதி.

“அக்கா, இதிலையோ உங்கட அப்பா மலை ஏறினவர்?” என்று வந்தவர் சிரித்தார்.

“இறங்குங்கோ” என்றாள் என்னிடம். காரைத் திருப்பி, றிவேர்ஸில் மதகின் உச்சிவரை ஏற்றினாள். மைனருக்குப் பின்பக்கமாக ஏறத்தான் வலு அதிகம்.

வந்தவர் கைதட்டி, உடனே வாங்கச் சம்மதித்தார்.

“இப்பிடி ஏறுற காரை ஆரும் விப்பினமோ, தம்பி?” என்றவள், காரைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிட்டாள்.

கார் இன்னும் மதகின் மேல்தான் வழியை மறித்து நிற்கிறது. கடைசி பஸ் எப்படிப் போனதென்று கேட்க எனக்குத் துணிவில்லை.