சுருட்டைக்காக எழுந்து நின்றவர்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் அதன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. நீ அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன், நம்பிக்கையைக் கெடுக்காதே. சமையலறைக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றுவிட்டது. தான்தான் சரிசெய்தேன் என்று அப்பா உன்னிடம் பெருமையடிப்பார், பிளம்பர் வந்து போனது உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. மாடி வீட்டில் புதிதாக நாய் வாங்கியிருக்கிறார்கள், அது நம் வாசலைத்தான் தன் வீடு என்று முடிவுகட்டிவிட்டது, தினமும் அதைத் தாண்டிக் குதித்துத்தான் நான் மருந்துக்கடைக்குப் போகிறேன்.

என்னம்மா, கோர்ட்டுல போய்ப் பொய் சொன்னியாமே என்று நீ போனில் கேட்டபோது கடையில் கூட்டம், கவுண்டரில் நின்றுகொண்டு என்ன பதில் சொல்வது? அத்தை சொல்லித்தான் உனக்குத் தெரிந்திருக்கும். உன் அத்தை பொய் சொல்ல மாட்டாள், ஆனால் பாதியில் நிறுத்திவிடுவாள், அதனால் மீதியை நான் எழுதுகிறேன்.

சுருட்டையை உனக்கு ஞாபகம் இருக்கும், எதிர்வீட்டு லிஃப்ட் மெக்கானிக்கின் மகன், உனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவன், சீப்பை உள்ளே விட்டால் திரும்பி வராது என்று நீங்கள் எல்லாம் கிண்டல் செய்வீர்களே, அந்தத் தலைதான். தூக்க மாத்திரை அட்டைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்துபோனவனைப் போலீஸ் நிறுத்திச் சோதனை போட்டுப் பிடித்துவிட்டது. அதே வாரம் நம் பிரார்த்தனைக் கூடத்துப் பெரியவரின் இளைய மகனும் அதே மாத்திரையோடு காரில் மாட்டிக்கொண்டான். நான் தினமும் டாக்டர் சீட்டைப் பார்த்து எடுத்துக் கொடுக்கிற மாத்திரைதான் அது. சீட்டு இல்லாமல் ஓர் அட்டைக்கு மேல் வைத்திருந்தால் ஜெயில் என்று இங்கே சட்டம். ஆனால் பையனைக் கவனித்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள் என்று ஜட்ஜுக்குப் பட்டால், ஜெயிலுக்குப் பதிலாக மறுவாழ்வு இல்லத்துக்கு அனுப்பலாம் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், ஆட்கள்தான் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. நம் கூடத்துக்காரர்கள் வீட்டுப் பிள்ளை மாட்டினால் எல்லாரும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போய்க் கோர்ட் பெஞ்சை நிரப்புவோம். சுருட்டை வீட்டார் கும்பிடுவது வேறு சாமி. அவர்கள் ஆட்கள் போலீஸ்காரரைப் பார்த்தாலே எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள், கோர்ட் வாசலை மிதிப்பார்களா? அவர்கள் ஆட்களில் யாராவது ஒருவர் ஜெயிலுக்குள் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். நாமெல்லாம் அதைப் பார்த்துவிட்டு அவங்க பிள்ளைங்களே அப்படித்தான் என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

கேஸ் நடந்த அன்றைக்கும் பெரியவர் மகனுக்காகத்தான் போனோம். மூன்று பெஞ்சு நிறைய நாங்கள், கடைசி பெஞ்சு மூலையில் வேலைச் சட்டையோடு லிஃப்ட் மெக்கானிக் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். பெரியவர் மகனுக்கு வரவேண்டிய வக்கீலைக் காணோம். அவருக்குப் போன் போடுவதற்காகப் பெரியவர் வெளியே போனார், அந்த நேரம் பார்த்து வரிசையை மாற்றிச் சுருட்டையின் பெயரைக் கோர்ட் சேவகர் உரக்கக் கூப்பிட்டுவிட்டார். நம் பிரார்த்தனைக் கூடத்தில் யார் பெயரையாவது சத்தமாகச் சொன்னால், அவர்களுக்காக வேண்டிக்கொள்ள எல்லாரும் எழுந்து நிற்போம் அல்லவா? முன் பெஞ்சில் இருந்த ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டருக்குக் காது மந்தம், பெயர் கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும் புரிந்தது, சட்டென்று எழுந்து கையைக் கட்டிக்கொண்டார். அவர் எழுந்ததும் அவர் பெஞ்சு எழுந்தது, அப்புறம் அடுத்தது, கண்ணை மூடித் திறப்பதற்குள் மூன்று பெஞ்சும் நின்றுவிட்டோம். நின்ற பிறகுதான் யாருக்காக நிற்கிறோம் என்று தெரிந்தது. உட்காரவும் முடியவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும் முடியவில்லை. இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை.

ஜட்ஜ் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். இத்தனை பேரும் இந்தப் பையனுக்காகவா வந்திருக்கீங்க என்று கேட்டார். பெரியவர் இல்லாத இடத்தில் வாய் திறப்பது நம்மவர்களுக்கு வழக்கம் இல்லை. சுருட்டை கூண்டுக்குள்ளிருந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். இவர்கள் எல்லாம் எதற்கு நிற்கிறார்கள் என்று அவனுக்கே விளங்கவில்லை, ஆனால் அந்த முகத்தில் ஏதோ ஒன்று வந்தது, அதை எனக்கு எழுதத் தெரியவில்லை. ஆமாங்க ஐயா, எல்லாரும் அவனுக்காகத்தான் என்று நான் சொல்லிவிட்டேன். பொறுப்பு ஏத்துக்கிறீங்களா என்றார். ஏத்துக்கிறோம் என்றேன். அவனை மறுவாழ்வு இல்லத்துக்கு அனுப்பினார். அன்றைக்கு மாலை பெரியவர் மகனையும் அதே இல்லத்துக்குத்தான் அனுப்பினார், யாருக்கும் எதுவும் குறைந்துபோகவில்லை.

ஆனால் கூடத்தில் என் தலை உருண்டது. நம்ம வேண்டுதலை ஊரான் பிள்ளைக்குத் தூக்கிக் கொடுத்துட்டியே அண்ணி என்று உன் அத்தை மூக்கைச் சிந்தினாள். பெரியவர் சத்தம் போடவில்லை. அடுத்த வாய்தாவுக்குப் போய், இவன் எங்க ஆள் இல்லை, தவறுதலா எழுந்து நின்னுட்டோம்னு ஜட்ஜ்கிட்ட நீங்களே சொல்லிடுங்கம்மா என்று அமைதியாகச் சொன்னார். அப்படிச் சொன்னால் பொறுப்பேற்க ஆள் இல்லை என்று பையனை நேரே ஜெயிலில் போடுவார்கள். சொல்ல மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து கூடத்தில் என் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. கால் நீட்டி உட்கார வசதியாக இருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன், ஆனால் கண்ணு, எனக்கு மனசு வலித்தது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

பொய் சொன்னேனா என்று நானும் யோசித்துப் பார்த்தேன். காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது யாரும் அவனுக்காகக் கிளம்பவில்லை, அது உண்மை. ஆனால் ஜட்ஜ் கேட்ட நேரத்தில் எல்லாரும் அவன் பெயருக்குத்தானே எழுந்து நின்றிருந்தோம்? நான் கும்பிடுகிற சாமி அதைத் திருத்தச் சொல்லும் என்று எனக்குத் தோன்றவில்லை.

நேற்றுதான் அந்த வாய்தா. கூடத்துப் பக்கம் வருஷக்கணக்காகத் தலைவைத்துப் படுக்காத உன் அப்பா, இருக்கிற ஒரே நல்ல சட்டையைத் தானே தேய்த்துக் காலரில் கருக்கிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். மெக்கானிக்கையும் மூலையிலிருந்து கூப்பிட்டு முன் பெஞ்சில் உட்கார வைத்தோம். மற்ற இரண்டு பெஞ்சும் காலி. எங்கே மற்றவர்கள் என்று ஜட்ஜ் கேட்டால் என்ன சொல்வது? அப்போது செருப்புச் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் பெரியவரின் மனைவி தனியாக வந்து நிற்கிறார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை, கொஞ்சம் தள்ளி உக்காருங்க என்றார். தள்ளினேன். உட்கார்ந்தபிறகுதான் மெதுவாக, இல்லத்துல என் பையனும் இவனும் ஒரே ரூம், ராத்திரியில என் பையனுக்குக் கை நடுங்கும்போது இவன்தான் பிடிச்சுக்கிறானாம் என்று சொன்னார். பெயர் கூப்பிட்டதும் நாலு பேரும் எழுந்தோம், எல்லாருக்கும் முன்னால் எழுந்தது அவர்தான். மத்தவங்க எங்கே என்று ஜட்ஜ் கேட்கத்தான் கேட்டார். வேலை நாளுங்க ஐயா, அவங்களுக்கும் சேர்த்துத்தான் நாங்க நிக்கிறோம் என்று பெரியவர் மனைவியே பதில் சொன்னார். ஜட்ஜ் தலையாட்டிவிட்டு இல்லத்திலேயே தொடரட்டும் என்று எழுதினார். சுருட்டைக்கு முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள், இனிமேல் அவனை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

இன்னொன்று. தூக்கம் வரவில்லை என்று கூட வேலைபார்க்கிற பெண்ணிடம் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறாயாமே, அன்றைக்குப் போனில் போகிறபோக்கில் சொன்னாய், நான் அதைக் காதில் வாங்காத மாதிரி இருந்தேன். பெயரைச் சொன்னதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இதே மாத்திரைதான். உன் கைப்பையை யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை. அவன் சட்டைப்பையைத் துழாவினார்கள். உங்கள் இருவருக்கும் நடுவில் எனக்குத் தெரிந்து வேறு வித்தியாசம் இல்லை. திட்டவில்லை, டாக்டரைப் பார், அந்த மாத்திரையை அந்தப் பெண்ணிடமே திருப்பிக் கொடுத்துவிடு, ராத்திரி தூக்கம் வராவிட்டால் எனக்குப் போன் பண்ணு, எந்த நேரமானாலும் எடுப்பேன்.

நோய்நொடி இல்லாமல், நிம்மதியாகத் தூங்கி எழுந்து, மனசு போல நன்றாக இருக்கவேண்டும் நீ. அடுத்த வாய்தா நீ லீவில் வருகிற வாரத்தில்தான் வருகிறது. நல்ல உடுப்பு ஒன்று எடுத்துக்கொண்டு வா, பெஞ்சில் இடம் நிறைய இருக்கிறது.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அம்மா