கடைசி சீட்டுக்குப் பின்னால் ஒரு சாண்

என்னங்க,

புது வண்டிக்குள் ஒரு வாசனை வருமே, சீட்டின் பிளாஸ்டிக் உறையும் ரப்பரும் கலந்து, வெயிலில் லேசாகத் தலையைச் சுற்ற வைக்குமே, நேற்று மறுபடியும் அதை முகர்ந்தேன். முகர்ந்ததுமே உங்களை நன்றாகத் திட்ட வேண்டும்போல் இருந்தது. வாய்விட்டுத் திட்டினால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பிரபு வண்டி மாற்றுகிறான். நீங்கள் வாங்கிய சாம்பல் நிற வண்டி அடிக்கடி மக்கர் பண்ணுகிறதாம், அதைக் கொடுத்துவிட்டு, ஏழு பேர் உட்காரும் வண்டியாக எடுக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நேற்று ஸ்ரீரங்கத்துக்கு வந்து என்னையும் ஷோரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனான். "உனக்காகத்தாம்மா இவ்ளோ பெருசு. இனிமே எங்க போனாலும் நீயும் எங்ககூடத்தான்" என்றான். அதைக் கேட்டு எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? காவிரிப் பாலம் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

நீங்கள் போன பிறகு வண்டியை அவன்தான் வைத்திருக்கிறான். அதில் அவன், மருமகள், பிள்ளைகள் இரண்டு பேர், அவர்களோடு இருக்கும் சம்பந்தியம்மா. அத்தோடு வண்டி நிறைந்துவிடும். நேற்று சம்பந்தியம்மாவுக்குக் கால்வலி, வீட்டிலேயே இருந்துவிட்டார். அதனால் எனக்கு இடம் கிடைத்தது. மற்ற நாட்களில் அவர்கள் எங்காவது போய்விட்டு வந்தால் எனக்குப் பிரசாதமும் போட்டோவும் வரும். நான் குறை சொல்லவில்லை. சரி, சொல்கிறேன், உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? ஒரு டம்ளர் அரிசிக்குக் குக்கர் வைத்துவிட்டு, அது விசில் அடிக்கும்வரை அதோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஏழு பேர் வண்டி வேண்டும் என்று நீங்கள் வண்டி பார்த்த அன்றைக்கு ஒற்றைக்காலில் நின்றது நான். பேரப்பிள்ளைகள் வருவார்கள், சம்பந்தி வருவார்கள், எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு ஒரே வண்டியில் குலதெய்வம் கோயிலுக்குப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. நீங்களோ ஷோரூமுக்குள் நுழைந்ததுமே நேராகப் பின்பக்கம் போனீர்கள். விற்கிற தம்பி முன்னால் நின்று பெரிய திரையைத் தடவித் தடவிக் காட்டுகிறான். நீங்கள் டிக்கியைத் திறந்து, கடைசி சீட்டின் முதுகுக்கும் பின்கதவுக்கும் நடுவே கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து வைத்துச் சாண் போட்டுப் பார்க்கிறீர்கள். துணிக்கடையில் ஜாக்கெட் பிட் அளக்கிறாரோ என்று எனக்கு மானம் போயிற்று.

"சார், பெரிய வண்டின்னாலே பத்திரம்தான் சார்" என்றான் அந்தத் தம்பி.

"பெருசுதான் தம்பி, நான் இல்லேங்கல. ஆனா கடைசியில உக்கார்றவங்களுக்குப் பின்னாடி ஒரு சாண் கூட இல்லியே. இதுல யாரை உக்கார வைப்பீங்க? சின்னப் புள்ளைங்களைத்தானே?" என்றீர்கள். அவன் ஏசியைக் கூட்டினான்.

சரி, சின்ன வண்டியே எடுத்துத் தொலைப்போம், நம் தெருவில் திருப்பவாவது முடியும் என்றேன். அதற்கும் நீங்கள் மசியவில்லை. பெரிசு, சிறிசு இரண்டு வண்டிக்கும் மோதிப் பார்த்து ஒரே அளவு நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் சார் என்று இன்னொரு கடையில் ஒருவர் காகிதத்தைக் காட்டினார். "செவத்துல மோதினா ரெண்டும் ஒண்ணுதாங்க. ஒண்ணோட ஒண்ணு மோதினா? எடை குறைஞ்சதுதானே நசுங்கும்?" என்று கேட்டீர்கள். மருந்துக்கடை வேலையில் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற புத்தி எங்கே போகும்! ஊரில் உள்ள ஷோரூம் எல்லாவற்றிலும் ஓசிக் காப்பி குடித்து முடித்த பிறகுதான் அந்தச் சாம்பல் நிற வண்டி கிடைத்தது. ரொம்பப் பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை. எடை இருந்தது, நட்சத்திரம் இருந்தது, பின் சீட்டுக்குப் பின்னால் டிக்கி முழுவதும் இருந்தது. ஆனால் ஐந்து பேர்தான்.

நீங்கள் ஏன் அப்படிச் சாண் போட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். சமயபுரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் திரும்பும்போது நாம் இரண்டு பேரும் அதைப் பார்த்தோமே. நின்றுகொண்டிருந்த ஒரு பெரிய காரைப் பின்னால் வந்த லாரி இடித்திருந்தது. முன்னால் இருந்தவர்கள் ரோட்டில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசி சீட்டோடு நசுங்கிக் கிடந்த பின்பக்கத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அன்று இரவு நீங்கள் சாப்பிடவில்லை.

எல்லாம் தெரிந்தும் வண்டி வந்த அன்று நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். "எல்லாரும் போறதுன்னா நாம எங்க உக்கார்றது?" என்று கேட்டேன். "இதுக்கா இவ்ளோ கோவம்? நாம ரெண்டு பேரும் பஸ்ல வந்துடலாம், விடு" என்று சிரித்தீர்கள்.

பேத்திக்கு மொட்டை போட முசிறிக்கு, குலதெய்வம் கோயிலுக்குப் போனபோது அப்படியேதான் செய்தோம். அவர்களெல்லாம் காரில். நாம் முசிறி பஸ்ஸில். ஆற்றுப் பக்கத்து ஜன்னலை எனக்குக் கொடுத்துவிட்டு, நீங்கள் என் தோளிலேயே தூங்கி வழிந்தீர்கள். வழியெல்லாம் வாழைத்தோட்டம். நடுவில் எழுந்து கடலைமிட்டாய் வாங்கி, பல் போன பக்கம் விட்டு மறுபக்கம் கடித்தீர்கள். கோயிலில் மருமகள், "பஸ்ல கஷ்டமா இருந்துச்சா அத்தை?" என்று கேட்டாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்? திரும்பும்போது காரில் இடம் பண்ணிக்கொடுத்தும் நான் ஏறவில்லை.

உங்களுக்கு மார்வலி வந்தபோது மருந்துக்கடை வேலையில் இருந்தீர்கள். ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கிய வண்டி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை.

நேற்றைய கதைக்கு வருகிறேன். வண்டிக் கதவைத் திறந்ததும் பிள்ளைகள் இரண்டும் ஓடிப்போய்க் கடைசி சீட்டில் ஏறிக்கொண்டன. "இது எங்க எடம், பாட்டி வரக் கூடாது!" என்று ஒரே கூத்து. மருமகள் என்னை நடு சீட்டில் ஜன்னலோரமாக உட்கார வைத்து, "வசதியா இருக்கா அத்தை?" என்றாள். வசதியாகத்தான் இருந்தது. காலை நன்றாக நீட்டலாம். பின்னாலிருந்து சின்னவன் என் கொண்டையைப் பிடித்து இழுத்தான். இப்படியே முசிறிவரை போகலாம், இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

அப்புறம் இறங்கிப் பின்பக்கம் போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. சின்னவனின் தலைக்குப் பின்னால், சீட்டுக்கும் கதவுக்கும் நடுவே கையை விரித்து வைத்தேன். உங்கள் கை பெரியது. என்னுடைய சின்னக் கைக்கே அங்கே சாண் விரியவில்லை.

"ஆறு ஏர்பேக் இருக்கும்மா" என்றது விற்கிற பெண். கடைசி சீட்டுக்கும் சேர்த்தா என்று கேட்டேன். "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றது.

"பிரபு, இது வேண்டாம்டா" என்றேன்.

"அம்மா, அப்பா மாதிரியே பேசாத. நீ வரணும்னுதானே இந்த வண்டியே!"

நான் பின்னால் உட்காருகிறேன், பிள்ளைகள் நடுவில் இருக்கட்டும் என்று சொல்லி ஏறியும் பார்த்தேன். முட்டி மடங்கவில்லை; கால்வலியோடு சம்பந்தியம்மாவுக்கும் முடியாது. மருமகள்தான் கைகொடுத்து இறக்கினாள். இதைவிடப் பெரிய வண்டிகளில் பின்னால் நல்ல இடம் விட்டிருக்கிறார்களாம். அது நம் தெருவுக்குள்ளும் வராது, அவன் சம்பளத்துக்குள்ளும் வராது. அப்படியென்றால் எனக்கு அந்த வண்டியில் ஜன்னலோரம் கிடைக்க வேண்டுமானால், சின்னவன் அந்தக் கதவில் தலையை வைத்துக்கொண்டு வர வேண்டும்.

பிரபுவும் பின்னால் போய்க் கையை வைத்துப் பார்த்தான். அவனுக்கு உங்கள் கை. ஐந்து பேர் வண்டி ஒன்றைக் காட்டச் சொன்னான். அதிலும் பின்பக்கம், பெல்ட், எடை எல்லாம் நானே கேட்டேன். கடைக்காரர்கள் என்னைப் பார்த்து என்ன நினைத்தார்களோ, போகட்டும்.

"அப்ப நீ எப்படிம்மா வருவ?" என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது அவனுக்கு.

"நான் பஸ்ல வந்துடறேன், விடு" என்றேன். உங்களைப் போலவே சிரிக்கவும் செய்தேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. நீங்கள் சொன்னபோது அது "நாம ரெண்டு பேரும்" என்று இருந்தது.

உங்களைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். நீங்கள் பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். உங்கள் சாணை மட்டும் என் கையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். இதை வைத்துக்கொண்டு நான் ஒரு சீட்டை இழந்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன், அதுதான் எனக்குக் கோபம்.

அடுத்த மாதம் சின்னவனுக்குக் காது குத்து. அவர்கள் அந்த ஐந்து பேர் புது வண்டியில் போகிறார்கள். நான் முசிறி பஸ்ஸில் ஆற்றுப் பக்கமாக உட்காருவேன். பக்கத்தில் என் பையை வைத்துக்கொள்வேன். யாராவது கேட்டால் எடுத்துவிடுகிறேன்.