ஆலங்குடிக்கு மேற்கே நகர்ந்த கோடு

என் மேசைமேல் ஒரு தட்டில் கருஞ்சேறு காய்ந்து கிடக்கிறது. போன மாதம் ஆலங்குடிக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பில் கிணற்றுக்குப் போர் போட்டபோது வந்தது. விரலில் தேய்த்தால் சிப்பித் துணுக்குகள் நெருடுகின்றன. பழைய கடலின் சேறு. உன் வரைபடத்தின்படி அங்கே பாறைதான் இருக்க வேண்டும். நீ இறந்து இரண்டு மாதம் ஆகிறது. இதைப் பார்க்கும்வரை நீ இருந்திருக்க வேண்டும்.

நாம் இருவரும் ஒன்றாக நிலவியல் படித்து முடித்த வருடம் உன் ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போனோம். போர் வண்டி நின்ற இடமெல்லாம் மண் வாங்கிப் பையில் கட்டினோம். அண்டார்டிகாவோடு ஒட்டிக் கிடந்த நம் நிலம் பல கோடி ஆண்டுகளுக்கு முன் இழுபட்டு விரிசல் விட்டது. ஓரம் படிப்படியாகச் சரிந்தது. பள்ளத்தில் கடல் புகுந்தது. புதுக்கோட்டையில் தரைமேலேயே தெரியும் பாறை கிழக்கே எந்த இடத்தில் முறிந்து இறங்குகிறது என்பதைத்தான் தேடினோம். அந்த இடங்களை இணைத்தால் வரைபடத்தில் ஒரு கோடு கிடைக்கும்.

"கண்டத்தோட விளிம்புல நிக்கிறோம்டி" என்றாய் ஒரு மத்தியானம், முந்திரிக்காட்டு வெயிலில். நானும் சிரித்தேன்.

அந்தக் கோட்டைப் பற்றிய கட்டுரை அச்சானபோது உன் பெயர் மட்டும் இருந்தது. கேட்டேன்.

"நீ மண்ணு அள்ளத்தானே வந்தே? யோசிச்சது நான்தானே" என்றாய்.

அந்தக் கோடு உனக்குக் கல்லூரி வேலை வாங்கித் தந்தது. நான் போர் போடுகிறவர்களுக்கு நீரோட்டம் பார்த்துச் சொல்லிப் பிழைத்தேன். ஆனால் ஒவ்வொரு கிணற்று மண்ணையும் எடுத்து வைத்தேன். உன் கோடு தவறு என்று நிறைந்த அரங்கில், உன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அதற்காகத்தான். அந்த வாய்ப்பையும் கொடுக்காமல் போய்விட்டாய்.

சேற்றை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். உன் கணவர்தான் கதவைத் திறந்தார்.

"வாம்மா. ஒன்னயப் பத்தி அடிக்கடி சொல்லுவா."

"அண்ணே, அவ போட்ட கோடு தப்பு. நான் எழுதப் போறேன்."

அவர் சேற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "எழுதும்மா. பழைய மண்ணுப் பையெல்லாம் உள்ளதான் கெடக்கு. ஒனக்கு ஒதவும்னா எடுத்துட்டுப் போ" என்றார்.

எடுத்து வந்தேன். பைகளில் கட்டியிருந்த சீட்டுகளில் பாதி உன் கையெழுத்து. அவையும் சேர்ந்துதான் கோடு மேற்கே நகர்ந்தது. கட்டுரையை நேற்று அனுப்பினேன். மாதிரிகளைச் சேகரித்தவர் யார் என்ற இடத்தில் என் பெயரை மட்டும் எழுதினேன். நீ செய்ததுதான் அது, தெரிந்தே செய்தேன்.

மனம் உறுத்துமா என்று காத்திருந்தேன். விடிந்துவிட்டது. உன்மேல் இருக்கும் கோபம்தான் இன்னும் அப்படியே இருக்கிறது.