கடைசி வரி

வியாழன், இரவு.

மூன்றாவது படிக்கும் என் மகள் பானுவுக்கு இன்று பேச்சுப் போட்டி. தலைப்பு, மழைநீர் சேகரிப்பு. ஒரு வாரமாக வீட்டில் கடகடவென்று ஒப்பித்தவள், காலையில் ஐயப்பன்தாங்கல் டெப்போவைத் தாண்டியதும் பைக்கில் பின்னாலிருந்து என் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பயமா கீதுப்பா."

"எதிர் செவுத்தைப் பாரு. அங்க போன்ல அம்மா கீதுன்னு நெனச்சிக்கினு பேசு," என்றேன். சரசு குவைத்தில் நர்ஸ். பானு அம்மாவைப் பார்ப்பதே போனில்தான்.

பள்ளி மேடையில் பிசிறில்லாமல் பேசினாள். கடைசியில் 'நன்றி, வணக்கம்' சொல்ல வேண்டிய இடத்தில், "சரிம்மா, சாப்ட்டியா? எப்ப வருவே?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி சரசு கூப்பிட்டாள். "பாப்பா எப்டி பேசுச்சு?"

"நல்லா பேசுச்சு."

கடைசி வரியைச் சொல்லவில்லை. சொன்னால் அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாள். "நீ சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

அடுத்த கேள்வியை நான் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. பயந்தாங்கொள்ளி என்று நான் கிண்டல் செய்யும் பானு, அதை மைக்கில் கேட்டுவிட்டாள்.