மிளகுச் சூப்புக் கடையில் உங்களுக்கு வேறு பெயர்

என் அருமை அத்தானுக்கு,

அங்கே சனிக்கிழமை என்று ஒன்று உண்டா? இங்கே உண்டு. ஏழு மாதமாக எங்களுக்கு அதுதான் பெரும்பாடாக இருந்தது.

நீங்கள் மூன்று நாள் காய்ச்சலில் போன பிறகு, நான் புக்கிட் மெர்தாஜாம் ரயில் ஸ்டேஷனிலிருந்து மாற்றல் வாங்கிக்கொண்டு பினாங்குக்கே வந்து அக்காவோடு தங்கிவிட்டேன். அக்கா சமைக்கிறாள், எனக்குப் போடுகிறாள், தான் மட்டும் சாப்பிடுவதில்லை. கேட்டால் "அப்புறம்" என்பாள். அந்த அப்புறம் வந்து நான் பார்த்ததே இல்லை. கல்யாண மோதிரம் கழன்று விழுகிறது என்று நூல் சுற்றிப் போட்டிருந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது.

ஒருநாள் அவளாகவே வாய் திறந்தாள். "அவரு சனிக்கிழமை தூக்குச்சட்டியில கொண்டு வருவாரே, அந்தச் சீனக்கடைச் சூப்பு. அது கிடைச்சா ஒரு வாய் குடிப்பேன் தம்பி."

வெள்ளிக்கிழமை மாமிசம் விலக்கியதற்கு ஈடாக மறுநாள் நீங்கள் வாங்கி வருவீர்களாம். பன்றி இரைப்பையும் வெள்ளை மிளகும் போட்டது, குடித்தால் மூக்கு நுனி வேர்க்குமாம். எந்தக் கடை என்று கேட்டேன். "ஹோச்சியா, ஹோச்சியான்னுதான் சொல்வாரு. எனக்கென்ன தெரியும்" என்றாள்.

ஏன் அத்தான், பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவளை அங்கே கூட்டிப் போகத் தோன்றவில்லையா?

சரி என்று கிளம்பினேன். முதலில் கேம்பல் தெருவில் ஒரு கடை. உள்ளே போய் "ஹோச்சியா?" என்றேன். கடைக்காரர் முகமெல்லாம் பல்லாகி, "ஹோச்சியா! ஹோச்சியா!" என்று நெஞ்சைத் தட்டிக்கொண்டார். முதல் கடையிலேயே பிடித்துவிட்டாயே சூசை, நீ கெட்டிக்காரன்தான் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு உங்கள் தூக்குச்சட்டியை நிரப்பிப் போனேன். சூப்பில் வேர் வேராக ஏதோ மிதந்தது. மருந்து வாடை. அக்கா ஒரு கரண்டி குடித்துவிட்டு, "நல்லா இருக்கு தம்பி" என்று சட்டியை மூடிவிட்டாள்.

அடுத்த சனி சூலியா தெரு. அங்கேயும் "ஹோச்சியா!" மீன் உருண்டையும் சிவப்பு மிளகாயும் போட்ட சூப்பு. மறுபடி "நல்லா இருக்கு தம்பி." அதற்கடுத்து டிராம் ஏறி ஆயர் ஈத்தாம் சந்தை வரைக்கும் போனேன். அங்கேயும் தாங்கள்தான் ஹோச்சியா என்றார்கள். அண்ணன் தம்பிகள் பாகம் பிரிந்து ஆளுக்கொரு கடை வைத்திருக்கிறார்களோ என்றுகூட யோசித்தேன். ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். பானைக்குள் என்னென்ன போடுகிறார்கள் என்று எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கும் பிடித்துக்கொண்டது. சிலர் மிளகைப் பொடிக்காமல் முழுசாக இரைப்பைக்குள் வைத்துக் கட்டி வேகவைக்கிறார்கள். உங்களுக்குத் தெரியுமா?

ஆறாவது வாரம், நாங்கள் மளிகை வாங்கும் காதர் பாயிடம், "உண்மையான ஹோச்சியாக் கடை எது பாய்?" என்று கேட்டேன். அவர் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அட தம்பி! ஹோச்சியான்னா ஹொக்கியன் சீனத்துல நல்ல ருசின்னு அர்த்தம்லா! எந்தக் கடைக்காரன் தன் சூப்பு ருசி இல்லன்னு சொல்லுவான்?"

அசடு வழிய நின்றேன். ஸ்டேஷனில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவனுக்கு ஹொக்கியன் எங்கே தெரியும்?

"நான் அந்தச் சூப்புக்கடைப் பக்கமே போறதில்ல," என்றார் பாய். "ஆனா ஒண்ணு சொல்றேன். கடையைக் கேக்காதே, ஆளைக் கேளு. சட்டியைத் தூக்கிட்டு வாரா வாரம் வர்ற தமிழ் ஆபீஸ் கிராணியை, அதான் உங்க அத்தானை, யாருக்காவது ஞாபகம் இருக்கும்."

அப்படித்தான் கிடைத்தது, கிம்பர்லி தெருவின் பின்சந்தில், பெயர்ப்பலகை இல்லாத ஓர் ஒட்டுக்கடை. நான் வாய் திறக்கும் முன்பே, மூடியில் நீங்கள் கீறி வைத்த சிலுவையைப் பார்த்துவிட்டு அந்தக் கடை முதலாளி தவுக்கே "ஹோச்சியா!" என்று கத்தினார். கடைக்குப் பெயரே இல்லை அத்தான். ஒவ்வொரு வாய்க்கும் அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லிக் குடித்த உங்களுக்குத்தான் அங்கே அந்தப் பெயர்.

"ஹோச்சியா மானா?" என்று கேட்டார். ஹோச்சியா எங்கே? மலாயில் சொல்லத் தெரியாமல் இல்லை, வாய் வரவில்லை. "பாலிக்" என்றேன். திரும்பிப் போய்விட்டார் என்று. தமிழரைப் பற்றி இந்த ஊரில் அப்படிச் சொன்னால், கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். தவுக்கேயின் முகம் சுருங்கிப் போயிற்று. ஒரு வார்த்தை சொல்லாமலா போனார் என்று முணுமுணுத்துக்கொண்டே ஊற்றிக் கொடுத்தார்.

வீட்டில் அக்கா ஒரு வாய் குடித்தாள். நல்லா இருக்கு என்று சொல்லவில்லை. மூக்கு நுனி வேர்த்தது, கண்ணையும் சேர்த்துத் துடைத்துக்கொண்டாள். எனக்கு உயிர் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் நடந்ததை எல்லாம் சொன்னேன். பாலிக் என்றதையும் உளறிவிட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்ப அந்த மனுசன், இவரு சொல்லாம ஓடிட்டாருன்னா நினைச்சிட்டு இருக்காரு?"

"வாயில வந்துருச்சுக்கா."

"என் புருசன் அப்படிப்பட்ட ஆளு இல்ல. நானே வந்து சொல்றேன்."

போன சனிக்கிழமை, கோயிலுக்குத் தவிர வாசலைத் தாண்டாதவள் ரிக்ஷாவில் ஏறினாள். அந்தச் சந்தில் உட்கார்ந்திருந்த ஆண்களைத் தாண்டித் தவுக்கே முன்னால் போய் நின்றாள். "லாக்கி சாயா சுடா மாத்தி" என்றாள். என் புருஷன் செத்துவிட்டார். ஏழு மாதத்தில் அந்தச் சொல்லை அவள் தமிழில்கூடச் சொன்னதில்லை. நான் மட்டும் சொன்னேனா? இந்தக் கடிதத்திலும் 'போன பிறகு' என்றுதானே எழுதியிருக்கிறேன்.

தவுக்கே அகப்பையை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். சுவரோரம் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டார். நீங்கள் உட்காரும் முக்காலியாம். அக்கா உட்கார்ந்தாள். ஒரு கிண்ணம் முழுவதையும் குடித்தாள், இரைப்பைத் துண்டு ஒன்றுகூட மிச்சம் வைக்கவில்லை. பிறகு நிமிர்ந்து, பாதி மலாயிலும் பாதி கையாலுமாக, மிளகை வறுத்துப் போடுகிறீர்களா பச்சையாகவா என்று கேட்டாள். வறுத்துத்தான் என்று அவர் சட்டியில் வறுப்பதுபோலக் காட்டினார்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கே அவருகிட்ட சொன்னேன் தம்பி, வறுத்ததுதான்னு. உங்க அத்தான் இல்லவே இல்லன்னு சாதிச்சாரு!"

நீங்கள் தோற்றுவிட்டீர்கள் அத்தான். ஜெயித்த சந்தோஷத்தில் அவள் இன்னொரு கிண்ணம் கேட்டாள்.

இனி அக்கா தட்டில் சோறு விழாமல் என் தட்டில் நான் கை வைக்க மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் அன்பு மச்சினன்,
சூசை